நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு

என்னிடம் மொத்தம் 61 கார்கள் இருக்கின்றன. வருமான வரிக்காரர்கள் பரபரப்படைய வேண்டாம். அத்தனையும் ஒரு மர பீரோவின் இரண்டு தட்டுக்குள் அடங்கிவிடும். அம்பாஸடர் மட்டும் ஒன்பது. ஃபியட் ஏழு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு, அதில் ஒன்றுக்கு இன்னும் பானெட் பாக்கி. வாசலில் நிற்பது என்னவோ ஒரு ஸ்கூட்டர்தான். அதுவும் காலையில் நாலு உதை வாங்கினால்தான் கிளம்பும்.

மாடல் கார் செய்வது இருபது வருஷமாக என் பொழுதுபோக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் பீரோவைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஓடுமா?" ஓடாது. இரண்டாவது கேள்வி, "வித்தா என்ன வரும்?" பெரிதாக ஒன்றும் வராது. மூன்றாவது கேள்வி கிடையாது. என் மனைவியை ஒரு மாதிரி அனுதாபத்தோடு பார்த்துவிட்டுக் காபியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

"இதேதான் கடையிலயே கிடைக்குதே, ஸார்?" என்பவர்களும் உண்டு. கிடைக்கிறதுதான். சென்டி டாய்ஸ்காரர்கள் அம்பாஸடர், ஆட்டோ, பஸ் எல்லாம் போடுகிறார்கள். பின்னால் இழுத்து விட்டால் விர்ரென்று கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும். நானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால், வீட்டில் சமைக்கிறவர்களிடம் போய் 'ஓட்டல்லயே கிடைக்குதே' என்று யாராவது கேட்பார்களா? (இப்போதெல்லாம் கேட்கிறார்கள். செல்போனில் ஆர்டரும் போட்டுவிடுகிறார்கள். அது வேறு விஷயம்.)

நம்ம ஊர்ப் பையன்களுக்கு இது ஒன்றும் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த வித்தை இல்லை. நுங்கு தின்றுவிட்டு இரண்டு கூட்டையும் குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பு வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய அத்தனை பேரும் மாடல் வண்டி கட்டியவர்கள்தான். அதற்கும் முன்னால் போனால், ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டுகிற குட்டித் தேருக்கு மூன்று சக்கரம். ஆட்டோவின் முப்பாட்டன் யார் என்று இனிமேல் யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்.

வெள்ளைக்காரன் கொடுத்தது ஒரு கணக்கு. அதுதான் ஸ்கேல்.

பொம்மைக் கார்களில் ரொம்பப் பழைய ஸ்கேல்களில் ஒன்று 1:43. அதாவது, நிஜக் கார் 43 அடி என்றால் மாடல் ஓர் அடி. பி.காம். படித்தவனுக்கு இதைக் கேட்டதும் நெஞ்சு அடைக்கும். அது என்ன 43? நாற்பது என்று வைத்தால் என்ன, ஐம்பது என்று வைத்தால் என்ன கெட்டுப் போகிறது? விசாரித்தால் கதை ரயில்வே ஸ்டேஷனில் போய் நிற்கிறது. இங்கிலாந்தில் பொம்மை ரயில் செய்தவர்கள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தார்கள். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். ஏழால் வகுத்தால் நாற்பத்து மூன்றரை வரும். அந்த ரயில் பக்கத்தில் நிறுத்திவைக்கத் தோதாகத்தான் டிங்கி மாதிரி கம்பெனிகள் குட்டிக் கார்களைச் செய்தன. பொம்மை ரயில் எப்போதோ போய்விட்டது. 43 மட்டும் இன்னும் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

தீப்பெட்டிக் கார் கதை இதைவிட நன்றாக இருக்கும். லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனியில் ஜாக் ஓடெல் என்று ஒரு கூட்டாளி. அவர் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மை என்றால்தான் கொண்டுவரலாம் என்று சட்டம். அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். சக மாணவிகள் எல்லாருக்கும் ஒன்று வேண்டும் என்றாகி, 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' பிறந்தது. எல்லாம் ஒரே அளவு பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் டபுள் டெக்கர் பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். கண்டிப்பான ஹெட்மாஸ்டர்களால் உலகத்துக்கு நன்மை உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி இதுதான்.

ஸ்கேல் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அம்பாஸடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். நாற்பத்து மூன்றால் வகுத்தால் 10 சென்டிமீட்டர். சரி. எடை? ஒரு 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை 43-ஆல் வகுக்கக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் 43-ஐ மூன்று தடவை பெருக்கி வரும் 79,507-ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 14 கிராம்! ஒரு கவர் ஷாம்பு கையில் வைத்த மாதிரி. கடையில் விற்கிற உலோகக் காரைக் கையில் எடுத்தால் 'கனமா இருக்கு, நல்ல குவாலிட்டி' என்கிறோமே, நியாயமாகப் பார்த்தால் அது பல டன் அம்பாஸடர்.

இதே கணக்கை நண்பர் ஒருவரின் கார் லோனுக்கும் போட்டுப் பார்த்தேன். ஒன்பது லட்சம். 43-ஆல் வகுத்தால் 20,930 ரூபாய். கனஅளவில் வகுத்தால் 11 ரூபாய் 32 காசு. "இப்பவே பாங்க்ல போய்க் கட்டிட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிட்டார். அவர் கார், உறை போட்டு மூடி, வீட்டு வாசலில் நிற்கிறது. ஆபீஸுக்கு மின்சார ரயிலில்தான் போகிறார். எடுத்தால் திரும்பி வரும்போது நிறுத்த இடம் இருக்காதாம். அவருடையதும் ஓடுவதில்லை, என்னுடையதும் ஓடுவதில்லை. என்னுடையதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

வருமான வரிச் சட்டப்படி சொந்த உபயோகத் தொழில் காருக்கு வருஷத் தேய்மானம் 15 சதவிகிதம். பத்து லட்ச ரூபாய்க் கார் ஐந்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் 4,43,705 ரூபாய். என் பீரோவில் இருக்கிற கார்களுக்கு இந்தத் தேய்மானம் கிடையாது. ஆரம்பத்திலிருந்தே மதிப்பு பூஜ்யம்.

எதில் செய்கிறேன் என்று கேட்டு எழுதுகிற இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பாடிக்கு பி.வி.சி. ஃபோம் ஷீட், இல்லையென்றால் நல்ல அட்டை. வளைவுகளுக்கு எம்-ஸீல். மேடு பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, தண்ணீர் போட்டு உப்புத்தாள் தேய்க்க வேண்டும், மெக்கானிக் ஷெட்டில் செய்கிற அதே டிங்கரிங்தான். ஃபியட்டின் முன் கிரில்லுக்கு ஜன்னலில் அடிக்கிற அலுமினியக் கொசுவலை. ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ் (எந்த மாத்திரை என்பது எந்த கார் என்பதைப் பொறுத்தது, அம்பாஸடருக்கு எங்கப்பாவின் ஷுகர் மாத்திரை அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும்). முன் கண்ணாடிக்குப் புதுச் சட்டை வருகிற பெட்டியின் மேல்மூடி. டயருக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பு. கிராமத்தில் செருப்பை வட்டமாக வெட்டி வண்டி ஓட்டிய பையன்களைவிட நல்ல டயர் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பெயின்ட் மட்டும்தான் உயிரை எடுக்கும். பிரஷ்ஷில் அடித்தால் 0.05 மில்லிமீட்டர் கனம் சாதாரணமாக வந்துவிடும். கொஞ்சம்தானே என்று தோன்றும். 43-ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜ அம்பாஸடர் மேல் 2 மில்லிமீட்டருக்குச் சுவர்ப் பூச்சு பூசினது போல. கதவு இடுக்கெல்லாம் மூடிக்கொண்டுவிடும். மெட்டாலிக் பெயின்ட் இன்னும் மோசம். நிஜக் காரில் பொடிப்பொடியாக மின்னுகிற அதே ஜிகினாத் துகள், குட்டிக் காரில் கூழாங்கல் மாதிரி தெரியும். உலகத்தில் எல்லாவற்றையும் சிறிசாக்கலாம், வெளிச்சம் விழுகிற விதத்தைச் சிறிசாக்க முடியாது.

ஆயுத பூஜை அன்று என் மனைவி இந்த விஷயத்தில் என்னைத் தோற்கடித்தார். ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பீரோவைத் திறந்து, "இதுங்களும் வண்டிதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது உள்ளங்கையில் கடுகு. ஒவ்வொரு காருக்கும் முன் சக்கரத்தடியில் இரண்டு. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை 43-ஆல் வகுத்தால் சரியாக ஒரு மில்லிமீட்டர், கடுகேதான். பூசணிக்காய்க்குப் பச்சைப் பட்டாணி. நசுக்க மட்டும் மனசு வரவில்லை, சாம்பாருக்குப் போய்விட்டது.

ஜாகை திருவள்ளூரில். வாரத்தில் இரண்டு நாள் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குக் கணக்கு எழுதப் போகிறேன். (பத்திரிகையில் எழுதி மட்டும் குடும்பம் நடத்தலாம் என்று நம்புகிறவர்களுக்கு என் வாழ்த்துக்கள்.) இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் ஒரு லைனில் சென்னை வரைக்கும் போய், இன்னொரு லைனில் ஏறித் திரும்ப வடக்கே வர வேண்டும். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போக, தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டுக்குள் புகுந்து வருகிற மாதிரி.

எங்கள் மாவட்டத்தின் விசேஷம், இங்கே வண்டிகள் சகல அளவிலும் பிறந்திருக்கின்றன. ஆவடியில் டாங்க். திருவள்ளூர் பக்கம் மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர், சுரங்கத்தில் ஓடுகிற ராட்சத டம்பர். அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் நாம்தான் 1:43. கும்மிடிப்பூண்டி போகிற ஜி.என்.டி. ரோட்டில் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். அந்தப் பழைய ரன்வேயில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷக்கணக்கில் கார் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் வலது கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

திருவள்ளூரில் கார்கள் பிறந்தன என்றால், கும்மிடிப்பூண்டியில் இரும்பு மறுஜென்மம் எடுக்கிறது. அங்கே ஸ்கிராப்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி உருட்டுகிற ஆலைகள் நிறைய. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ரோட்டோரம் நிற்கும். உற்றுப் பார்த்தால் நசுங்கின கதவு, பானெட், பம்பர். ஒருநாள் அப்படி ஒரு லாரியின் பக்கவாட்டில் ஃபியட் கதவு ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. பச்சை நிறம், கைப்பிடி அப்படியே இருந்தது. யாரோ ஓர் ஆபீஸர் தினமும் பிடித்துத் திறந்த கைப்பிடி. சித்திரைக்குள் அது கம்பியாகி, ஏதோ ஒரு வீட்டு மொட்டைமாடிக்குள் போயிருக்கும். லாரி டிரைவரிடம் கைப்பிடியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். "எடை போட்டாச்சு ஸார், குறைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார். நியாயம்தானே. பாக்கெட்டில் இருந்த நூலால் கைப்பிடியின் நீளத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துவந்தேன். அந்த முடிச்சு இன்றைக்கும் ஒரு ஃபியட்டுக்குள் இருக்கிறது.

நிஜக் கார்தான் இப்படிப் போகிறது என்று இல்லை, பொம்மைக் காருக்கும் சாவு உண்டு. யுத்தத்துக்கு முந்தைய டிங்கி கார்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டால் போச்சு. வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்; உள்ளுக்குள் பல வருஷம் மெல்ல மெல்ல விரிசல் விட்டு, ஒருநாள் தொட்டால் பொரித்த அப்பளம் மாதிரி உதிரும். டிங்கியின் பழைய அச்சுகளில் சில பிறகு இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் அந்த அச்சுகளிலேயே கார் வார்த்தார்கள். நாம் நிஜக் காருக்கும் அதைத்தானே செய்தோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அச்சை வாங்கிவந்து 1957-ல் அம்பாஸடர் என்று பேர் வைத்து, 2014 வரைக்கும் அதே முகத்தோடு ஓட்டினோம். உத்தர்பாரா தொழிற்சாலை நின்று மூன்று வருஷம் கழித்து, 2017-ல் அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ 80 கோடிக்கு வாங்கிக்கொண்டது. என்னிடம் ஒன்பது அம்பாஸடர் இருப்பதை அவர்களுக்கு யாரும் தெரிவிக்க வேண்டாம்.

திருவள்ளூருக்கு வருகிறேன். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் எங்கள் ஊர் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லேன்சரைக் கொண்டுவந்தது. அப்புறம் பஜேரோ, ஸீடியா என்று வந்தன. பஜேரோவெல்லாம் பாகம் பாகமாகப் பெட்டியில் கப்பலேறி வந்து இங்கே பூட்டப்பட்டது. தொழில் பாஷையில் இதற்கு சி.கே.டி. என்று பெயர். எங்கள் பாஷையில் சொன்னால், 1:1 ஸ்கேலில் மாடல் கிட். ஜப்பானில் இதற்கு நேர் எதிராக ஒருவர் செய்தார். டாமியா கம்பெனிக்காரர்கள் 1970-களில் ஒரு குட்டி போர்ஷே செய்வதற்காக, நிஜ போர்ஷே ஒன்றையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். என் மனைவி இந்தப் பாராவைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

லேன்சர் அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு சினிமா நட்சத்திரம் மாதிரி. நான் அப்போது சின்னப் பையன். டிரெய்லர் லாரியில் வரிசையாக ஏறிப் போகும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு எண்ணுவோம். இப்போது அங்கே லேன்சரும் இல்லை, மிட்சுபிஷியும் இல்லை. இடையில் கொஞ்ச காலம் இசுஸு வண்டிகளைப் பூட்டினார்கள். 2016-ல் இசுஸுவும் எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான்.

போன வருஷம் ஒருவர் வீடு தேடி வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். இரண்டு தெரு தள்ளி மளிகைக் கடை வைத்திருக்கிறார். பீரோவைக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். ஓடுமா, விற்றால் என்ன வரும், இரண்டுமே கேட்கவில்லை. ஒரு ஃபியட்டைச் சுட்டிக்காட்டி, "பின் கதவு மேல கொஞ்சம் கேப் ஜாஸ்தியா இருக்கு தம்பி" என்றார்.

இருபது வருஷத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆசாமி.

"எப்படிண்ணே?"

"கதவு மாட்டுற லைன்ல இருந்தேன். லேன்சர்."

உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். மனுஷர் பேச ஆரம்பித்தார். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வர வேண்டும், அளவு தகடு ஒன்று வைத்திருப்பார்கள், கொஞ்ச நாளில் தகடு தேவைப்படாது, கட்டைவிரல் நகமே சொல்லிவிடும். கதவைச் சாத்தும் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாமாம், கீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று. இன்றைக்கும் கல்யாண வீட்டு வாசலில் யாராவது கார் கதவைச் சாத்தினால் தலை தானாகத் திரும்புகிறதாம். சம்சாரம் கோபித்துக்கொள்கிறார்.

"ஒரு லேன்சர் பண்ணித் தர முடியுமா தம்பி? காசு குடுத்துடறேன்."

"தாராளமா. என்ன கலர்?"

"எதுவானாலும் சரி. பெரிய சைஸா இருந்தா நல்லது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம் முடிச்சுட்டு, பின்னாடி இடது கதவை மட்டும் மாட்டாம வெச்சிருங்க. அதை நான் மாட்டிக்கறேன்" என்றார்.

1:24-ல் செய்தேன். ஓர் அடிக்கு அரை அங்குலம். மூன்று மாசம் ஆயிற்று. மூன்று கதவு ஒட்டி மூடியது, நான்காவதற்கு மட்டும் நிஜமாகவே திறக்கிற கீல், குண்டூசியை வெட்டி வைத்தது. வெள்ளை பெயின்ட், மெட்டாலிக் வம்பே வேண்டாம் என்று. தகவல் சொன்னதும் கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

புருவம் திருத்துகிற இடுக்கியை என் மனைவியே கொண்டுவந்து கொடுத்தார். கதவை எடுத்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தார். உப்புத்தாளில் இரண்டே இழுப்பு. வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். குண்டூசி இரண்டு தடவை தரையில் விழுந்து என் பையன் தேடிக் கொடுத்தான். நாங்கள் யாரும் பேசவில்லை. மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டோம். கடைசியில் ஊசி இறங்கியது. விரல் நுனியால் மெல்லச் சாத்தினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். காதருகில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை திறந்து சாத்தினார்.

மணியைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"அண்ணே, லைன்ல இருந்தப்போ ஒரு கதவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அங்கல்லாம் நிமிஷக் கணக்குதான் தம்பி" என்றார், காரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அங்க கதவு பெருசு."